வாய்க்காலுக்கு இந்தக் கரை கறுப்பன், அந்தக் கரை செவலை

என் மனைவியின் வயிற்றில் கட்டி இருக்கிறது, தள்ளிப்போடாமல் வந்து சேர்ந்துவிட வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்கள் இங்கேயே இருக்க வேண்டியிருக்கும் என்று தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சில வாரமா? அப்ப பூனைக்கு ஏற்பாடு பண்ணிட்டு வரேன் டாக்டர்" என்று எழுந்துவிட்டாள்.

"பூனைக்கா?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஆகாது" என்றாள் இவள், அதிலேயே எல்லாம் விளங்கிவிட வேண்டும் என்பதுபோல.

நான் அப்போது குடவாசல் பக்கம் பிர்கா சர்வேயர். யாருக்காவது வரப்புத் தகராறு என்றால் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய் அளந்து கல் நட்டுவிட்டு வருவது என் வேலை. அது தகராறுக்குப் பஞ்சமில்லாத காலம். குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்தவனை மிராசுதார் முறைத்தார். பதியாதவனைச் சங்கத்துக்காரர்கள் முறைத்தார்கள். ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, நடுவில் என் சங்கிலி. நாங்கள் குடியிருந்த அந்தச் சின்ன ஊரில் இரண்டு டீக்கடைகள் இருந்ததற்கு, டீ குடிப்பவர்கள் அதிகம் என்பது காரணமல்ல.

பூனைகள் இரண்டுமே ஆண், எங்கள் பக்கத்தில் கடுவன் என்போம். கறுப்பன் எங்கள் கொல்லையில் பிறந்து வளர்ந்தது. எலி வேட்டையில் அதற்கு ஈடில்லை. செவலை ஓர் ஐப்பசி அடைமழையில் நனைந்தபடி வாசல் வழியாக உள்ளே வந்து, கூடத்தில் கிடந்த சாக்கில் படுத்துக்கொண்டது. மழை விட்டும் போகவில்லை. அதற்குத் தெரிந்த வேலை பால் குடிப்பதும் தூங்குவதும். அன்றைக்குத் தொடங்கிய பகை அவை உயிரோடு இருந்தவரை தீரவில்லை.

எனக்கு அந்தப் பகையைவிட அதன் எல்லைதான் அதிசயமாக இருந்தது. அடுக்களை கறுப்பனுடையது, கூடம் செவலையுடையது. கொல்லை காலையில் ஒன்றுக்கு, வெயில் சாய்ந்தபின் மற்றொன்றுக்கு. நடு நிலைப்படியில் இரண்டும் உட்காராது. நாங்கள் கல் நட்டு, படம் வரைந்து, இரண்டு பக்கத்துச் சாட்சிகளையும் நிறுத்திக் கையெழுத்து வாங்கினாலும், அடுத்த மழைக்குள் எவனாவது வரப்பைச் சுரண்டியிருப்பான். இவற்றுக்குக் கல்லும் இல்லை, படமும் இல்லை. ஆனால் எது எங்கே முடிகிறது என்பதில் இரண்டுக்கும் சந்தேகமே கிடையாது.

ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். செவலை படுக்கும் சாக்கை அடுக்களைப் பக்கம் ஒரு சாண் தள்ளிப் போட்டேன். அவ்வளவுதான். கறுப்பன் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து சாக்கையே வெறித்துப் பார்த்தது. எலி ஓடினால்கூடத் திரும்பவில்லை. செவலையோ தன் சாக்கில் ஏறிப் படுக்க மறுத்து, ஈரத்தரையில் கிடந்தது. சாக்கைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்ட பிறகுதான் வீட்டில் நடமாட்டம் திரும்பியது.

"ஊரு நிலத்தையெல்லாம் அளந்து முடிச்சாச்சு போல, இப்ப வீட்டுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்க" என்றாள் அவள்.

ஆக, இவற்றை யாரிடம் விடுவது என்று தேட ஆரம்பித்தோம். முதலில் நினைவுக்கு வந்தது சுவாமிமலையில் இருக்கும் அவள் அக்கா. ஆனால் அக்காவின் கணவர் சிலை வார்க்கிறவர். மெழுகில் செய்த உருவங்கள் வீடு பூராவும் வரிசையாகக் காயும். அங்கே ஒரு பூனையையே விட முடியாது. இரண்டு சண்டைப் பூனைகளை விட்டால் அம்மனுக்குக் கையிருக்காது. போதாததற்கு, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கப்போவதே அந்த அக்காதான்.

வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துச் சோறு வைக்கச் சொல்லலாம். ஆனால் அது சர்வேயர் வீட்டுச் சாவி. பிர்காவின் நில எல்லைகளை வரைந்த புலப்படங்கள் என் பெட்டியில் இருந்தன. அந்தச் சாவியை இந்தத் தெருவில் கொடுத்தால் அந்தத் தெரு தாசில்தாருக்கு மனுப் போடும். அங்கே கொடுத்தால் இவர்கள் போடுவார்கள். எந்தக் கட்சியிலும் சேராமல் இருந்த பள்ளிக்கூட வாத்தியாரும் நீண்ட லீவில் ஊருக்குப் போய்விட்டார்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அறுப்பு முடிந்ததும் நான் அளக்க வேண்டியிருந்த முதல் தகராறு, எங்கள் ஊர் மிராசுதாருக்கும் அவருடைய குத்தகைக்காரருக்கும் இடையே. மிராசுதாரின் சொந்தப் பண்ணை எங்கே முடிகிறது, குத்தகைக்காரர் பதிந்த நிலம் எங்கே தொடங்குகிறது என்பது கேள்வி. அந்த வழக்கு முடியும்வரை இரண்டு வீட்டிலும் நான் மோர்கூட வாங்கிக் குடித்ததில்லை. மிராசுதாரின் பெரிய வீட்டில் ஒரு வாய் காபி குடித்தால் போதும், 'சர்வேயர் விலை போயிட்டாரு' என்று மாலைக்குள் பேச்சாகிவிடும். மீதி ஊரெல்லாம் இந்த இருவரில் ஒருவருக்கு உறவு அல்லது ஆள்.

நாள் போய்க்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு யோசனையாகக் கொண்டுவருவேன், அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவாள். கூத்தாநல்லூரில் எனக்குத் தெரிந்த துணிக்கடைக்காரர் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன் என்றார். "கட்டு மேல கட்டுன்னு துணி அடுக்கியிருக்கும், அதுல சண்டை போட்டு உருண்டா யாரு பதில் சொல்றது?" என்றாள். நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவள் பூனைக்காகத்தான் தள்ளிப்போடுகிறாளா?

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன பயம்? நீங்கதான் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கறீங்க" என்றாள்.

உண்மையில் எனக்குத்தான் பயமாக இருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் அவளை எடுத்துவிட்டால் மிச்சம் நானும் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு பூனைகளும்தான். அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இன்னும் மும்முரமாகப் பூனைக்கு இடம் தேடினேன்.

கடைசியில் வழி அந்தத் தகராறிலிருந்தே கிடைத்தது. யாரிடம் கொடுத்தாலும் ஒருதலைப்பட்சம் என்றால், இரண்டு பேரிடமும் கொடுத்துவிட்டால் என்ன? பெரிய வீட்டுக்கு ஒன்று, குத்தகைக்காரர் வீட்டுக்கு ஒன்று. சரிசமம். யாரும் வாய் திறக்க முடியாது. பூனைகளையும் எப்படியும் பிரித்துத்தானே வைக்க வேண்டும்? அதைவிட நல்லது, பெரிய வீடு வாய்க்காலுக்குக் கிழக்குக் கரை, குத்தகைக்காரர் வீடு மேற்குக் கரை. தண்ணீரைத் தாண்டிக் கொண்டுபோய் விட்ட பூனைக்கு வழி தெரியாது, திரும்பி வராது என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பொருத்தமான எல்லை என் உத்தியோகத்திலேயே எனக்கு அமைந்ததில்லை.

அவளிடம் சொன்னேன். வெகுநேரம் மறுத்துச் சொல்ல எதையாவது தேடினாள். எதுவும் அகப்படவில்லை.

"சரி, பொங்கல் முடிஞ்சதும் போவோம்" என்றாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பே இல்லை. நான் அதைச் சொல்லவில்லை.

செவலையைக் கோணிப்பையில் கட்டி முதலில் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோனேன். மிராசுதார் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவனுக்கும் ஒண்ணு குடுக்கறீங்களா?"

"ஆமாங்க. ரெண்டு பேருக்கும் சமமாத்தான்."

"அப்ப சரி" என்று வாங்கிக்கொண்டார். வாய்க்காலைத் தாண்டிக் குத்தகைக்காரர் வீட்டுக்குக் கறுப்பனோடு போனேன். அவர் களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டதும் அதே கேள்விதான். "பெரிய வீட்டுக்கும் குடுத்தீங்களா சார்?" குடுத்தேன் என்றதும் அவருக்கும் திருப்தி.

சரிசமம் என்று நான் நினைத்ததில் இருந்த ஓட்டை மறுநாளே டீக்கடையில் தெரிந்துவிட்டது. செவப்புப் பூனை தங்களுக்கல்லவா வந்திருக்க வேண்டும் என்று சங்கத்துக்காரர் ஒருவர் கிண்டல் செய்தார். அது பரவாயில்லை. ஆனால் மிராசுதார் நாங்கள் பஸ் ஏறும் நேரத்துக்கு ஆளனுப்பி என்னை நிறுத்திவிட்டு, பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"என்ன சர்வேயர், அவன் வீட்டுப் பூனை ஒரே நாள்ல களத்து எலியெல்லாம் புடிச்சிருச்சாம். எனக்குக் குடுத்தது பாலைக் குடிச்சிட்டுப் நெல்லுப் பத்தாயத்து மேலயே படுத்திருக்கு. எலி அது மேல ஏறி ஓடுதுய்யா. இதுவா சமம்?"

"அதது சுபாவம்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றார்கள். கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள், அதற்கடுத்து பூனை. எனக்கு எப்படித் தெரியும்? ஊரிலிருந்து ஆள் வந்தால் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் கறுப்பன், செவலை என்று பேசுவதைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பிக்குள் இப்படியா அடித்துக்கொள்வார்கள் என்று ஒரு அம்மாள் என்னிடம் வருத்தப்பட்டார்.

லீவை நீட்டிக்க நான் ஒருநாள் குடவாசல் போக வேண்டியிருந்தது. கிளம்பும் காலையில் டாக்டரம்மா தாழ்வாரத்தில் என்னைத் தனியாக நிறுத்தினார். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், பார்வைக்குச் சந்தேகமாக இருக்கிறது, முடிவு வந்தால்தான் சொல்ல முடியும், அதுவரை மனைவியிடம் எதுவும் சொல்ல வேண்டாம், மனசு தளர்ந்துவிடும் என்றார். சரி என்றேன். கும்பகோணம் வரை பஸ்ஸில் எனக்கு ஒன்றுமே கண்ணில் படவில்லை. அதன்பிறகு வலிந்து பூனைகளைப் பற்றி நினைத்தேன். அந்த நேரத்தில் நினைக்கத் தகுந்த பொருளாக எனக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை.

ஊரில் இறங்கி வாய்க்கால் கரைக்குப் போனேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

தையில் மேட்டூர் அணையை அடைத்துவிடுவார்கள், அடைத்தால் வாய்க்கால் வற்றும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். வருஷா வருஷம் நடப்பது. தாசில்தார் ஆபீசில் அதை வைத்துத்தான் என் அளவு வேலைக்கே நாள் குறிப்போம். அப்படிப்பட்ட நான், ஓடும் தண்ணீரை எல்லையாக நம்பிப் பூனைகளைப் பிரித்து விட்டுப் போயிருக்கிறேன். எனக்கே என்மேல் கோபம் வந்தது.

கிழக்குக் கரையில் மிராசுதாரும் மேற்குக் கரையில் குத்தகைக்காரரும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கு தொடங்கியதிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பேசியதே இல்லை. குத்தகைக்காரர் வீட்டு வைக்கோல்போரின் உச்சியில் காது கிழிந்து கறுப்பன் உட்கார்ந்திருந்தது. கீழே, சேற்றுக் காலோடு செவலை.

"சார், நீங்களே பாருங்க. அவரு பூனை எங்க எல்லைக்குள்ள வந்து எங்க பூனையை அடிச்சிருக்கு" என்றார் குத்தகைக்காரர்.

"வாய்க்கால் பொறம்போக்குய்யா. பொறம்போக்குல யாரு வேணாலும் நடக்கலாம்" என்றார் மிராசுதார்.

"நடக்கட்டும், நான் வேணாங்கல. ஏறினது என் கரையில்ல?"

நான் செவலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பன் வந்திருந்தால் எனக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. அது ஓடியாடுகிற பூனை. வந்தது இந்தச் சோம்பேறி. பெரிய வீட்டில் கிண்ணம் நிறையப் பால், பத்தாயத்தின் மேல் வெயில், யாரும் தொந்தரவு செய்யாத தூக்கம். இதையெல்லாம் விட்டுவிட்டு, தண்ணீர் வற்றிய உடனே சேற்றில் கால் புதைய இறங்கி, தனக்கு ஆகவே ஆகாத ஒன்றைத் தேடிக்கொண்டு இது ஏன் போயிற்று? புது இடம், புது மனிதர்கள், புது வாசனை. தெரிந்தது என்று சொல்ல அதற்கு இருந்தது அந்தப் பகையாளி ஒன்றுதான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வேறு காரணம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கரையின் இரண்டு பக்கமும் அந்த இரண்டு பேரும் எவ்வளவு உற்சாகமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

செவலையைப் பிடித்து மறுபடி கிழக்குக் கரையில் ஒப்படைத்து, பத்தாயத்து அறையில் விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன். கறுப்பன் காதில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார்கள். லீவு வேலையை முடித்துவிட்டு அன்றைக்கே தஞ்சாவூர் திரும்பினேன்.

வார்டுக்குள் போகும்போது அக்கா வெந்நீர் வாங்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் காலையில் தாழ்வாரத்தில் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"எப்படி இருக்குங்க ரெண்டும்?"

"நல்லா இருக்கு. ஒத்துமையா இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாய்க்கால்ல தண்ணி நின்னதும் ரெண்டும் சேர்ந்துக்கிச்சு. குத்தகைக்காரர் வீட்டு வைக்கோல்ல பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கு. நீயே பார்த்தா ஆச்சரியப்படுவே."

அவள் ஆச்சரியப்படவில்லை. என்னையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூக்கம் வருகிறதாக்கும் என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

காலையில் நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள், "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலியே."

"பொய் சொல்லாதீங்க. ஒரு அடி நிலத்தைக் கூட்டிச் சொல்லுங்கன்னு பெரிய வீட்டுக்காரரு கெஞ்சினப்பகூடச் சொல்லாதவரு நீங்க. அந்தக் கறுப்பனும் செவலையும் பக்கத்துல பக்கத்துல படுத்திருக்குன்னு என்கிட்ட வந்து சொல்றீங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, என் விஷயம் ஏதோ சரியில்லன்னு."

நான் இட்லிப் பொட்டலத்தை மறுபடி மடித்து வைத்தேன்.

"கட்டி யாரு வயித்துல இருந்துச்சு?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "உங்க வயித்துலயா, என் வயித்துலயா?"

சொன்னேன். பரிசோதனை, சந்தேகம், முடிவு வரவில்லை, எல்லாவற்றையும் டாக்டரம்மா சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். எனக்கு அவள் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. வார்டு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். இருந்தாலும் பிடித்தேன்.

"சரி, இப்ப பூனையைப் பத்தி நெசத்தைச் சொல்லுங்க" என்றாள்.

அதையும் சொன்னேன். வற்றிய வாய்க்கால், கிழிந்த காது, புறம்போக்கில் நடக்கும் உரிமை, ஏறியது யார் கரை என்ற கேள்வி. தையல் போட்ட இடத்தை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். "வலிக்குதுங்க, நிறுத்துங்க" என்றாள், நிறுத்தினால், "அப்புறம்?" என்றாள். இப்படிச் சிரிக்கிற ஆளிடமா மனசு தளர்ந்துவிடும் என்று மறைத்தோம் என்று எனக்கு ஒருமாதிரி இருந்தது.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா வார்டு வாசலில் நின்று என்னை மட்டும் தன் அறைக்கு வரச்சொல்லிக் கைகாட்டினார். நான் கட்டிலுக்குப் போய், "கூப்பிடறாங்க, வா" என்றேன். அவள் தலையைக் கோதிக்கொண்டு, வயிற்றில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாக நடந்து வந்து, அங்கிருந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கதவோரமாக நின்றுகொண்டேன்.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "பயப்பட ஒண்ணும் இல்லம்மா. கெட்ட கட்டி இல்ல. எடுத்தாச்சு, அதோட முடிஞ்சுது."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். பிறகு என்னைக் காட்டி, "இதை அவருகிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர். பயந்துபோய் நிக்கறது அவருதான்" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்காமல் என் பக்கம் திரும்பி, அதே வார்த்தைகளை எனக்கும் ஒரு தடவை சொன்னார்.